நிலுவை

இரவு ஒன்றேகால். சான்டியாகோ.
நடந்துகொண்டிருப்பவை எல்லாம்
திரையில் வரிவரியாய்:
இரண்டு மில்லிநொடி, ஏழு, நாற்பது.
யாரோ தூக்கமில்லாமல் முகவரி மாற்றுகிறார்கள்.
ஏதோ மருத்துவமனை ஒரு குழந்தைக்கு எண் கேட்கிறது.
நான் இமைப்பதற்குள்
ஆயிற்று.

ஒன்று மட்டும்
பதின்மூன்று மணி நேரமாய்
அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

வடக்கே அன்டோஃபகாஸ்டா, நடுவில் நாங்கள்,
தெற்கே புன்டா அரேனாஸ்: மூன்று இயந்திரங்கள்.
இந்த நாடே ஒரு நாடா.
ஒரு ‘சரி’ கீழிருந்து மேலே வர
கொஞ்சம் பிடிக்கும்தான்.
ஆனால் பதின்மூன்று மணி நேரம்?
நடந்து வந்தாலும் அடுத்த ஊர் வந்திருக்கும்.

அதன் கையில் ஒரு பூட்டு.
பூட்டுக்குப் பின்னால் ஓய்வூதியப் பட்டியல்,
அதற்குப் பின்னால் இன்னும் நாற்பத்தொன்று,
முணுமுணுக்காத வரிசை.

தேடிப் பிடித்தேன்.
புவேர்தோ நத்தாலேஸ் பதிவகம், இரண்டாம் சன்னல்.
பெயர்: எலியேசர் ஓயர்சூன்.
நிலை: உயிருடன்.
அதன்மேல் வேறொரு சொல் எழுதியிருக்கிறது,
உறுதி செய்யவில்லை.

நிபால்தோவை எழுப்பினேன்.
குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரம்
எங்களுக்கு ஒரு மணி முன்னால்.
திட்டவில்லை. கெட்டில் வைக்கும் சத்தம் கேட்டது.
“கையெழுத்து மட்டும்தான் பாக்கி.
அந்தம்மா பேனாவை எடுத்தார்.
வண்டியில் நாய் தனியாக இருக்கிறது,
பார்த்துவிட்டு வருகிறேன் என்று போனார்.
சன்னலை மூட மனசு வரவில்லை.”
எந்தச் சன்னலைச் சொன்னார்
என்று நான் கேட்கவில்லை.

“நிறுத்தினால் எதுவும் மிஞ்சாதா?”
“மிஞ்சாது.”
“அப்படியென்றால் எல்லாவற்றையும்
அவரிடம் மறுபடி கேட்க வேண்டும்.
தேதி. நேரம். பக்கத்தில் யார் இருந்தது.”
கெட்டில் விசிலடித்தது. அவர் எடுக்கவில்லை.

கட்டளை ஒற்றைச் சொல்: கொல்.
எங்கள் தொழிலில் இதற்கு
இதைவிட மரியாதையான சொல் கிடையாது.

கொன்றேன்.

மூன்று ஊர்களும் ஒத்துக்கொண்டன:
எலியேசர் ஓயர்சூன்,
உயிருடன்.

வரிசை நகர்ந்தது. அவர் பணமும்
மற்றவர் பணத்தோடு போய்விட்டது.
திருப்பிக் கேட்டு என்றைக்காவது ஒரு கடிதம் போகும்,
அந்தம்மா பெயருக்கு.

பணிமாற்றக் குறிப்பில்
‘இழப்பு’ என்று ஒரு கட்டம்.
காலியாக விட்டால் படிவம் ஏற்காது.
சுழியம் போட்டேன்.