பத்தில் ஒரு மில்லிமீட்டர்

பன்னிரண்டு வாரம், மூன்று நாள்.
உச்சி முதல் பிட்டம் வரை அறுபத்தொரு மில்லிமீட்டர்.
என் சுண்டுவிரலை வைத்தால் சரியாக இருக்கும்.
வைத்துப் பார்ப்பதில்லை.

ரோட்டர்டாமில் பிப்ரவரி.
மாஸ் நதிக்கரையின் பாரந்தூக்கிகள்
மூடுபனியில் கழுத்தளவு நிற்கின்றன.
இங்கே உள்ளே இருட்டு.
விளக்கை அணைத்துவிட்டுத்தான்
நான் மனிதர்களைப் பார்ப்பேன்.

சுராத்மி கென்ஸ்மில் படுத்திருக்கிறாள்.
வயிற்றில் பசை. "சில்லென்று இருக்கும், மன்னியுங்கள்":
ஒரு நாளைக்குப் பதினான்கு முறை சொல்கிறேன்.
குழந்தை பனிக்குடச் சவ்வில் முதுகைச் சாய்த்துக் கிடக்கிறது;
தோல் எது, சவ்வு எது, பிரிக்க முடியவில்லை.
"இருமுங்கள்."
இருமுகிறாள்.
"இன்னொரு முறை."
அவள் கணவன் வீபா, ஃப்ரீஸ்லாந்துக்காரன்,
தானும் சேர்ந்து இருமுகிறான்.
அது அசையவில்லை.

சரி, படிவத்தையாவது நிரப்பலாம்.
வயது முப்பத்தாறு. எடை. புகைப்பதில்லை.
இனம்:
கட்டங்கள் ஐந்து.
இரண்டாவதாக ஒன்றை அழுத்தினால் முதலாவது அழிந்துவிடும்.

"அப்பா பரமரிபோ, கறுப்பர்.
அம்மா வழியில், ஜாவாவிலிருந்து
கரும்பு வெட்டக் கப்பலேற்றிக் கொண்டுவந்தார்கள்.
நடுவில் ஒரு சீனக் கடைக்காரர் உண்டு,
அவரைப் பற்றி வீட்டில் யாரும் பேசமாட்டோம்.
நான் பிறந்தது தென்கரையில், டிராம் பணிமனைக்குப் பின்னால்."
சிரிக்கிறாள்.
"உங்களுக்கு எது வசதியோ போடுங்கள்."

ஏன் கேட்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். சொல்லவும் செய்தேன்:
தாயின் ரத்தத்தில் ஒரு புரதம் சிலரிடம் தூக்கலாக இருக்கும்.
சிசுவின் பிடரித் திரவமும்
கூட்டத்துக்குக் கூட்டம் மயிரிழை மாறும்.
ஒருத்திக்கு வரைந்த கோட்டில் இன்னொருத்தியை நிறுத்தினால்
அது நலமாயிருப்பவளைக் கலங்கடிக்கும்,
கலங்கவேண்டியவளைத் தூங்கவைக்கும்.
இதில் பொய் எதுவும் இல்லை.
அந்தக் கோடுகளுக்காக வயிற்றைக் காட்டிய பெண்களில்
சீனக் கடைக்காரரின் பேத்திகள் எத்தனை பேர் என்பதுதான்
எந்த அடிக்குறிப்பிலும் இல்லை.

அப்போது திரும்பியது.
யாரும் கேட்காத நேரத்தில் ஒரு துள்ளல்,
பிடரியில் கறுப்புக் கீற்று.
வெள்ளைக் கோடுகளின் உள்விளிம்பில்
இரண்டு சிலுவைக் குறிகளை வைத்தேன்.
இரண்டு புள்ளி இரண்டு.
மறுபடி: இரண்டு புள்ளி மூன்று.
மறுபடி: இரண்டு புள்ளி இரண்டு.
என் கை மூச்சுவிட்ட அளவுதான் அந்த வித்தியாசம்.
பெரியதை எழுது என்பது விதி.
எழுதினேன்.

போன வார ரத்தமும் கணினியில் இருந்தது.
கறுப்பர் என்று அழுத்தினேன்: நூற்றெண்பதில் ஒன்று.
ஆசியர்: இருநூற்றுப் பத்தில் ஒன்று.
எல்லை இருநூறு.
இந்தப் பக்கம் என்றால் ஊசியைப் பற்றிப் பேசவேண்டும்.
அந்தப் பக்கம் என்றால் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம்.

கேப் வெர்டேயில் பிறந்தவள் நான்.
என் மகனைப் பார்த்த அன்று
என்னை எந்தக் கட்டத்தில் போட்டார்கள் என்று
இன்றுவரை கேட்டதில்லை.

திரையை அவர்கள் பக்கம் திருப்பினேன்.
இரண்டு எண்களையும் காட்டினேன்.
செய்யக்கூடாது.

வீபா வெகுநேரம் பார்த்தான்.
"என்னை எதிலும் கேட்கவில்லையே?" என்றான்.
படிவத்தில் அப்பாவுக்கு இடமில்லை.
"பாதி நான்தானே," என்றான், யாரையும் குற்றம் சொல்லாமல்.

சுராத்மி காகிதத்துண்டால் வயிற்றைத் துடைத்தாள்,
தொப்புளைச் சுற்றி, மெதுவாக, இரண்டு முறை.
"எண் இருக்கட்டும். விக்கல் எடுக்கிறதா அது?"
எடுத்தது. மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அடுத்தவர் கதவைத் தட்டினார்.
ஒன்றை அழுத்தாமல்
கோப்பை மூட விடாது இந்த மென்பொருள்.