வாங்கின கணக்கு

முப்பத்தோராம் நாள் அமுது முடிந்து
இலைகளை மாட்டுக்குப் போட்ட பிறகுதான்
ஒவ்வொருவராக வந்தார்கள்.
மண்டூரிலிருந்து பாதையேறி வந்தவர்
சேட்டுப் பையிலிருந்து நாலாய் மடித்த ஐயாயிரத்தை எடுத்தார்.
"பசளைக்குத் தந்தது பிள்ளை. போன போகத்துக்கு முந்தின போகம்."
காதில் ஒன்றுமில்லாத ஒருத்தி
அடகு மீட்கத் தந்த காசு என்றாள்.
எவ்வளவு என்று கேட்டேன். அழுதாள்.

எனக்கு ஒன்றும் தெரியாது.
"அம்மா எழுதியிருப்பா, இருங்கோ" என்றேன்.

குருமண்வெளியில் அம்மாவை எல்லாரும்
மாஸ்டர் அக்கா என்பார்கள்.
புதிதாக வந்தவர்கள் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தவ என்று நினைப்பார்கள்.
படித்தது அஞ்சாம் வகுப்பு.
ஐம்பத்தோராம் வயதில் லான்ட்மாஸ்டர் ஒன்றை வாங்கி
அதைப் பாதையில் ஏற்றி
ஆற்றுக்கு நடுவில் ஆம்பிளைகளுக்கு மத்தியில்
கைபிடியை விடாமல் நின்றதால் வந்த பேர்.
கனகாம்பிகை என்ற பேரை
மரண அறிவித்தலில்தான் பலபேர் வாசித்தார்கள்.

அப்பா ஒரு மாசியில் பெட்டியோடு போனார்.
தேடிப் போகச் சொன்ன பெரிய மாமாவுக்கு
முருங்கைக்காய் சீவிக்கொண்டே அம்மா சொன்னா:
"வளவு எனக்குத் தந்தது. அவர் வந்து இருந்தவர்.
இருந்தவர் எழும்பிப் போயிட்டார்.
நீங்க தேத்தண்ணியக் குடிங்க."

கல்லடியில் என் வீட்டில் இரண்டு இரவுதான் தங்கினா.
மூன்றாம் நாள் விடியப்புறம் பஸ் ஏறிவிட்டா.
"உன்ட வீட்டுல எனக்குச் சாவி இல்லயே கா" என்றா.
வெட்டிக் கொடுத்தேன் ஒரு சாவி.
அதற்குப் பிறகும் வரவில்லை.

பேரன் கடிதம் வாசித்துக் கொடுத்தால் இருபது ரூபா.
"அம்மம்மா, எனக்கு வேணாம்."
"புடி. கூலி கூலிதான்."
அவன்தான் கொப்பியைக் கண்டுபிடித்தான்.
சாவிக்கட்டோ அலுமாரியோ இல்லை,
லான்ட்மாஸ்டரின் ஆயுதப் பெட்டியில்,
கிறீஸ் துணிக்குக் கீழே
ஒரு நீளக் கொப்பி.

பசளை இல்லை. அடகு இல்லை.
கொடுத்தது ஒன்றுகூட இல்லை.

*எழுபத்தெட்டு, சூறாவளிக்கு மறுநாள்.
காத்தான்குடி லொறிக்காரர். கிடுகு நாப்பது. காசு வாங்கல்ல.*

*தொண்ணூறு, முகாம். அருளம்மா, பிட்டு பாதி.*
இதற்கு மேலே அடிமட்டம் வைத்து ஒரு கோடு.
கொடுத்துத் தீர்த்திருக்கிறா.

*துறையடி, மழை. குடை தந்த பிள்ளை.
பேர் கேக்க மறந்து போச்சு.*
கோடு இல்லை.

*பெரியாஸ்பத்திரி. ரத்தம் ரெண்டு பை.
ஆர் எண்டு சொல்றாங்க இல்ல.*
இந்த வரியைச் சுற்றிப் பேனையால் வட்டம்,
வட்டத்துக்கு மேல் வட்டம்,
தாள் ஓரிடத்தில் கிழிந்திருந்தது.

பிறகு நான்.
*மூத்தவள். கல்லடி. ரெண்டு இரவு.
சாவி ஒண்டு.*

குசினிக் கதவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன்.
ஆணியில் தொங்கியது,
சிவப்பு நூல் கட்டி, துரு ஏறாமல்
எண்ணெய் பூசி.

வெளியே மண்டூர்க்காரர் இன்னும் நின்றார்.
"எழுதியிருக்கா பிள்ளை?"
"இல்ல. நீங்க கொண்டு போங்கோ."
"கடனோட பாதை ஏறேலாது, மனே" என்றார்.
காசு மடிப்பு விரியாமல் கையில் நின்றது.
கடைசிப் பாதைக்கு மணியாகிக்கொண்டிருந்தது.

வாங்கினேன்.
பேர் கேட்டேன், மறக்காமல். வேலாப்போடி.
கொப்பியைப் படியில் வைத்து
அம்மா நிறுத்தின இடத்துக்குக் கீழே எழுதினேன்:
*வேலாப்போடி. மண்டூர். ஐயாயிரம்.*

கோடு போட எத்தனை வருசம் ஆகுமோ.
என் எழுத்து அம்மாவுடையதை விடக் கொஞ்சம் சாய்வு.
அந்தப் பெண்ணும் கிட்ட வந்து நின்றாள்.
பேனையை மூடவில்லை.