நாற்பத்து மூன்று

போறணைக்குள் வெறுங்கையை விட்டு
எண்ணுவன்.
ஒன்பதிலேயே சுட்டால் பாண் கருகும்.
பன்னிரண்டு வரை தாங்கினால்
இன்னும் ரெண்டு விறகு.
சுன்னாகத்தில் முப்பத்தொரு வருசம்
இதுதான் என்ர வெப்பமானி.

இங்கே மிசின் சொல்லுது: நாற்பத்து மூன்று.
நாவற்பழச் சாறு மாதிரி மருந்து
குழாயால் மூத்திரப்பைக்குள் இறங்கிச்
சூடாகிச் சுத்தி வருகுது.
ஒரு மணித்தியாலம் கிடக்க வேணும்.

"சுடுதோ அண்ணை?"
கேட்டா நேர்ஸ் மதனரூபி.
சிரிப்பு வந்தது.
இந்தச் சூட்டில் ஒண்டும் வேகாது, பிள்ளை.
குழைச்ச மா பொங்கும், அவ்வளவுதான்.

நல்ல கலம் தாங்குமாம்,
கெட்டது தாங்காதாம்,
சூட்டோட மருந்தும் ஆழமாய் ஊறுமாம்.
டொக்டர் சொன்னவர்.
என்ர போறணைக்கு
ஆள்பார்த்துச் சுடத் தெரியாது.

நாற்பதாவது நிமிசம்
அடிவயிறு முறுக்கிச்சுது.
கண்ணை மூடி எண்ணத் தொடங்கினன்.
ஒன்பது. பன்னிரண்டு.
நூற்றியெழுபது.
கையை இழுக்க ஏலாத எண்ணிக்கை.

பின்னேரம் கக்கூசில்
குனிஞ்சு பார்த்தன்.
ஊதா.
சிவப்பில்லை, ஊதாதான்.
கதவுக்கு வெளியில் மனிசி,
மெதுவாக:
"என்ன நிறம்?"