இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில்

ஃபிஞ்ச் வீதி ஏற்றத்தில்
இரண்டிலிருந்து மூன்றுக்குப் போக
ஒரு மூச்சு யோசிக்கிறது வண்டி.
எஞ்சின் கத்துகிறது,
சில்லுக்குச் செய்தி போகவில்லை.

"ரேடியோவை நிப்பாட்டுங்கோ" என்கிறாள் நிரோஜினி,
காதால்தான் வைத்தியம் பார்ப்பவள்.

மார்க்கம் ரோட்டுச் சிவப்பு விளக்கில் பிரேக்.
பாதத்திலிருந்து முழங்காலுக்கு ஏறும் நடுக்கம்.
"தட்டு நெளிஞ்சு போச்சு. அது சின்னச் செலவு."

பனிக்குள் பொனெட்டைத் திறந்து
கியர் எண்ணெய்க் கோலை உருவி
என் மூக்கடியில் நீட்டுகிறாள்:
கருகிய வெந்தயம்.

பிறகு குனிந்து
பின் பம்பருக்கடியில் காட்டுகிறாள்
கொக்கி கழற்றிய நாலு ஓட்டை,
மேலே புதுக் கறுப்புப் பெயின்ட்.
"படகு இழுத்திருக்கினம். கன கோடை."

வேலைக்கு மட்டும் ஓடினதாம்,
விற்றவர் சொன்னது.
அறுபது மாதத் தவணை எனக்கு,
எந்த ஏரி என்றுகூடத் தெரியாது.