நாலு மணி நேரம்

குட்டியானையில் வந்தது.
செல்லூர் அறுபதடி ரோட்டிலேயே வண்டி நின்றுவிட,
சந்துக்குள் இரண்டு பேர் தோளேறி
மாடிப்படித் திருப்பத்தில் ஒருமுறை மூச்சு வாங்கி
அடுப்படிக்குள் வந்து நின்றது,
நூற்றித் தொண்ணூறு லிட்டர்,
பதினெட்டு மாதத் தவணை.

"உடனே சுவிட்சப் போட்டுறாதீங்கக்கா.
படுக்கப் போட்டுக் கொண்டாந்தது, ஆயில் இறங்கணும்.
நாலு மணி நேரம் சும்மா நிக்கட்டும்."
டீக்காசு வாங்கிக்கொண்டு போனான் பையன்.

சோணைமுத்துவுக்கு அன்றைக்கு வார ஓய்வு.
எனக்கும் எப்படியோ லீவு.
சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளினோம்.
முன்காலைத் திருகித் திருகி
தலைமேல் சொம்புத் தண்ணீர் வைத்து மட்டம் பார்த்தார்.
பஸ் ஓட்டுகிறவர், சாய்மானம் தெரியும்.
"கதவு தானா மூடணும். ஒரு மயிரிழை பின்னால சாயட்டும்."
அப்புறம் செய்வதற்கு ஒன்றுமில்லை.
அது சும்மா நின்றது.
எதிரே தரையில்
நாங்களும் சும்மா உட்கார்ந்திருந்தோம்.
அவர் சட்டைக்காலர் கிழிந்திருப்பதை
அன்றுதான் பார்த்தேன்.

ரத்த வங்கியில் எனக்கு வேலை.
இரண்டிலிருந்து ஆறு டிகிரி என்று
காலையும் மாலையும் குறித்துவைக்கிற கை
வீட்டில் மட்டும் கட்டிக்கிடக்குமா?
பிளாஸ்திரி கிழித்து ஒட்டினேன்.
மாவு, செவ்வாய் அரைத்தது (பாதிப் பாத்திரம்தான், பொங்கும்).
குடல் குழம்பு, ஞாயிறு, நன்றாக ஆறியது.
பச்சைக் கறி எப்போதும் கீழ்த்தட்டில், மூடி போட்டு,
அதன் தண்ணீர் எதன்மேலும் சொட்டக்கூடாது.
மல்லித்தழையைக் கழுவாமல் பேப்பரில் சுற்று.
வெங்காயத்துக்கு உள்ளே இடமில்லை.
கதவுத்தட்டில் பால் வேண்டாம்,
திறந்து திறந்து சூடேறும் இடம் அது.

தேனி கடைசி டிரிப் முடித்து
ஆரப்பாளையத்தில் வண்டியை விட்டுவிட்டு
இரண்டே முக்காலுக்கு வருவார்.
நான் எழுந்துவிடுவேன் என்று லைட் போடமாட்டார்.
ஃபிரிட்ஜ் வெளிச்சத்தில் நின்றபடியே சாப்பாடு.
"கதவத் தெறந்து வெச்சுக்கிட்டா திங்கிறது?"
இதைச் சொல்வதற்குக்கூட
எங்களுக்கு நேரம் ஒத்துவரவில்லை.
ஆறு மணிக்கு நான் கிளம்பும்போது
அவர் முதுகு மட்டும் பாயில் இருக்கும்.

ஒருநாள் என் பிளாஸ்திரிக்குக் கீழே
டிரிப் ஷீட் எழுதுகிற சாய்ந்த கையெழுத்து:
குடல் காலி.
மறுநாள், ரசம் புளிப்பு.
அப்புறம் சாப்பாட்டை விட்டு வெளியேயும் போனது.
உசிலம்பட்டியில் மழை.
முட்டை ரெண்டு கடன்.
கண்டக்டர் மகளுக்குப் பையன்.
தயிர்க்கிண்ணத்தில் மட்டும் ஒன்றும் எழுதமாட்டார்,
வழித்து நக்கிய கிண்ணமே சொல்லிவிடும்.

கீழ்வீட்டு ரெஜினா
விற்காத மல்லிச்சரத்தை ஒரு ராத்திரிக்கு வைக்கக் கேட்டாள்.
வாழையிலைப் பொட்டலம்தானே என்று இருந்துவிட்டேன்.
காலையில் பால் பாத்திரத்தின்மேல்:
காபியில் கல்யாண வீட்டு வாசம். யாருக்குக் கல்யாணம்?
அன்றே மூடி போட்ட டப்பா வாங்கினேன்.
சிரித்துக்கொண்டே
மாட்டுத்தாவணி பஸ்ஸில் ஏறியதை
யாரோ திரும்பிப் பார்த்தார்கள்.

டிரான்ஸ்பார்மர் வெடித்தது ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி.
தூங்கும் முன் கதவில் ஒட்டினேன்:
கரண்ட் இல்லை. திறக்காதீங்க.
மூடியே இருந்தால் நாலு மணி நேரம் தாங்கும்.

ஃபேன் நின்ற புழுக்கத்தில் விழித்தேன்.
அடுப்படியில் செல்போன் வெளிச்சம் கவிழ்ந்து கிடந்தது.
காக்கிச்சட்டை கழற்றாமல்
மூடிய கதவுக்கு எதிரே
சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.
"வந்து எவ்வளவு நேரமாச்சு?"
"மூணு இருக்கும்."
"பசிக்கலையா?"
"மூடியே இருந்தா நாலு மணி நேரம் தாங்கும்னு போட்டிருக்கே."

பக்கத்தில் உட்கார்ந்தேன்.
டப்பாவில் நான்கு ரஸ்க் இருந்தது.
காலரை நான் இன்னும் தைக்கவில்லை.
கரண்ட் எப்போது வந்தது என்று
இரண்டு பேருக்குமே தெரியாது.

விடிந்து திறந்தால்
பாதிப் பாத்திரம் வைத்தும்கூட
மூடியைத் தள்ளிக்கொண்டு
தட்டெல்லாம் வழிந்திருந்தது மாவு.