வேறொருவர் திறந்து வைத்திருக்கிறார்

காலை ஐந்தரை. தீவுத் துறைமுக அலுவலகத்தில்
ஹீட்டர் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறது.
திரையின் இடப்பக்கம்
என் ஆவணங்கள், என் படங்கள், குப்பைத்தொட்டி;
அவற்றுக்குக் கீழே, என் மேசையிலேயே கிடப்பதுபோல,
‘பொது’ என்றொரு கோப்புறை.

அது என் மேசையில் இல்லை.
அக்கரைத் துறைமுகத்தில்
துடைப்பம் வைக்கிற அறையில்
பச்சை விளக்கு சிமிட்டும் பெட்டிக்குள் இருக்கிறது.
நான் இங்கே இரண்டு தட்டுத் தட்டினால்
ஏழு கிலோமீட்டர் கடலுக்கடியில் போய்
அந்த அறைக் கதவைத் தட்டிவிட்டு வரும்.
வருவதற்குள் கையுறையைக் கழற்றிவிடலாம்.

இன்று நம் பக்கம் பனிக்கட்டி கட்டியிருக்கிறது.
முதல் படகை ஆறரையிலிருந்து ஏழு பத்துக்கு மாற்ற வேண்டும்.
மாற்றுவது ஒரே ஒரு கட்டம்.
குளிர்கால அட்டவணையைத் திறந்தேன்.

‘இந்தக் கோப்பை ராய்வோ திறந்து வைத்திருக்கிறார்.
படிக்க மட்டும் திறக்கவா?
நகல் எடுக்கவா?
காத்திருக்கவா?’

ராய்வோவை நான் பார்த்ததில்லை.
மூன்று குளிர்காலமாக எனக்கு அவர் இந்த மூன்று கேள்விகள்தான்.

நகல் எடுக்கலாம். போன பிப்ரவரியில் எடுத்தேன்.
அன்றே அவரும் எடுத்தார்.
கோப்புறையில் வரிசையாக நின்றன:
அட்டவணை_இறுதி
அட்டவணை_இறுதி_உண்மையாகவே
அட்டவணை_மால்லே_இதைத்தொடாதே
இக்கரைச் சுவரில் ஒரு நேரம், அக்கரைச் சுவரில் ஒரு நேரம்.
படகோட்டி எண்டெல் இரண்டையும் நம்பவில்லை,
போய்ப் படுத்துக்கொண்டார்.
பால் வண்டி நாற்பது நிமிடம் நின்றது.
ஓட்டுநர் கால்யு இறங்கி வந்து
என் ஜன்னலில் படிந்த பனியில்
விரலால் ஒரு சொல் எழுதிவிட்டுப் போனார்.
வெளியிலிருந்து எழுதியதால்
எனக்கு அது வலமிருந்து இடமாகத் தெரிந்தது.
ஆனாலும் புரிந்தது.

அழிக்கவும் பயம்.
என் கணினியில் அழித்தால் குப்பைத்தொட்டியில் கிடக்கும்,
மனம் மாறினால் பொறுக்கிக்கொள்ளலாம்.
பொதுவில் அழித்தால்
‘நிரந்தரமாக நீக்கவா?’ என்று ஒரே கேள்வி. பிறகு கடல்.
ஒருமுறை கை நழுவி
பயணிகள் கோப்புறை முழுவதும்
பெயின்ட் பில்களுக்குள் விழுந்துவிட்டது.
இரண்டு நாள் தேடினோம்.
தீவில் எழுநூறு பேர் பெயின்டுக்குள் இருந்தார்கள்.

சரி, காத்திருப்போம்.
சும்மா இருக்கும் கை சும்மா இருக்காது:
‘மறைந்த கோப்புகளைக் காட்டு’ என்பதைத் தட்டினேன்.
அட்டவணைக்குப் பக்கத்தில் மங்கலாக எழுந்தது
அதே பெயரில் ஒரு குட்டிக் கோப்பு.
பெயரின் முன்னால் சின்னதாய் ஒரு அலைக்குறி.
திறந்து பார்த்தேன்.
உள்ளே ராய்வோ என்ற பெயர்,
ஐந்து மணி நான்கு நிமிடம். வேறெதுவும் இல்லை.

ஐந்து நான்கிலிருந்து அந்த ஆள்
துடைப்ப அறைக்குப் பக்கத்து அறையில்
ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு என்ன செய்கிறார்?
தொலைபேசி எடுத்துக் கேட்கலாம்.
பெயின்ட் விஷயத்துக்குப் பிறகு
நாங்கள் தொலைபேசியில் பேசுவதில்லை.

ஐந்து ஐம்பத்திரண்டு. அலைக்குறி மறைந்தது.
திறந்தேன்.
என் கட்டத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது:
‘7.10?’

ஒரு கேள்விக்குறி.
நம் பக்கத்துப் பனியை
அந்தக் கரையிலிருந்து எப்படிப் பார்த்தார் தெரியவில்லை.
கலங்கரை விளக்கின் வெளிச்சம் கட்டியில் பட்டுச் சிதறியிருக்கலாம்.
அல்லது அவர் பக்கமும் கட்டியிருக்கிறதோ என்னவோ,
கேட்கத் தெரியாமல் உட்கார்ந்திருந்திருப்பார்.

கேள்விக்குறியை எடுத்தேன். சேமித்தேன்.
இனி மூட வேண்டும். விதி அது:
வேலை முடிந்தால் கோப்பை மூடு, மற்றவர் காத்திருப்பார்.

மூடவில்லை. எழுந்து காபி போடப் போனேன்.

அந்நேரம் அக்கரையில்
அவர் ஒருமுறை தட்டிப் பார்த்திருப்பார்.
மால்லே திறந்து வைத்திருக்கிறார், என்று வந்திருக்கும்.
படிக்கவா, நகல் எடுக்கவா, காத்திருக்கவா.

வெளியே கால்யுவின் ஹார்ன்.
ஆறு மணிக்கே வந்துவிட்டான் பாவி,
அவனிடம் யார் போய்ச் சொல்வது.