எண்ணூறு வெள்ளி

காலை நாலரை மணி.
சிலிம் ரிவர் பெட்ரோல் நிலையத்து வெளிச்சத்தில்
தலைகளை எண்ணினேன்.
நாலு பேர் என்றுதான் சொல்லியிருந்தார்கள்.
ஐந்தாவதாக ஒருவன்
தலைக்கவசத்தைக் கழற்றாமலே
நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தான்.
தயாநிதி.

"ரெண்டு வருசமா பேசாதவங்க
மலையில பேசித்தானே ஆகணும்"
என்று கண்ணடித்தாள் உமையரசி.
அவளுக்கு எல்லாம் விளையாட்டு.
போனது என்னுடைய எண்ணூறு வெள்ளி.

செம்பனை முடிகிறவரை மோட்டார் போகும்.
அதுவரைக்கும் தெரிந்த மண்:
எட்டாம் நம்பர் பிளாக், உரக் கிடங்கு,
எலி பிடிக்கக் கம்பத்தில் ஏற்றிய ஆந்தைப் பெட்டி.
யானைக்குப் போட்ட மின்வேலியைத் தாண்டியதும்
மரங்கள் வரிசையில் நிற்க மறுத்துவிட்டன.

ஆலை எடைமேடையில் வேலை பார்க்கும் முகுந்தன்
எங்கள் பைகளைப் பழக்குலை மாதிரி தூக்கிப் பார்த்து
ஆளாளுக்குக் கிலோ சொன்னான்.
என்னுடையது பதினொன்றரை.
பாராங்கோடு முன்னால் போன ஆ லெக்
திரும்பிப் பார்க்கவே இல்லை.
சரியாகாத மோட்டார் இஞ்சினை முறைப்பதுபோல்
மலையை முறைத்துக்கொண்டே ஏறினான்.

முதல் ஓடைவரை பேச்சிருந்தது.
பிறகு மூச்சு மட்டும்.
பிறகு அதுவும் கடனுக்குத்தான் வந்தது.

மழை பிடித்தபோது
வேர்ச்சுவருக்கு அடியில் நின்றோம்.
சுவர் என்றால் சுவரேதான்:
செம்மண், வேர், வழிகிற தண்ணீர்,
கால் வைக்க இடமில்லை.
நான் பாதியில் தொங்கும்போது
மேலிருந்து ஒரு கை இறங்கி வந்தது.
கட்டைவிரலில் பழைய தழும்பு.
குலை வெட்டும் அரிவாள் பட்டது;
அன்றைக்கு ஆஸ்பத்திரிவரை
மோட்டார் ஓட்டியது நான்தான்.

வேறு வேர் தேடினேன்.
உண்மையாகவே தேடினேன்.
இருந்த ஒன்றும்
உளுத்துப்போய்க் கையோடு வந்தது.

பிடித்தேன்.

ஒன்றேகால் மணிக்கு ஆ லெக் கடிகாரத்தைப் பார்த்தான்.
"திரும்பணும்."
உச்சி அங்கேதான் இருந்தது, மேகத்துக்குள்,
இன்னும் அரைமணி நேரம்.
யாரும் எதிர்த்துப் பேசவில்லை.
அழுதது உமையரசி,
எல்லாம் விளையாட்டு என்று நான் நினைத்தவள்,
மூக்கைச் சட்டையில் துடைத்துத் துடைத்து.

அப்போது ஒரு தடவை மேகம் கிழிந்தது.
கீழே தோட்டம்,
எண்ணெய் வைத்து வாரிய தலை மாதிரி
வகிடு வகிடாக.
ஆலைப் புகை. பள்ளிக்கூடத்து நீலக் கூரை.
என் வீடு எது என்று தெரியவில்லை.
முகுந்தன் ஊரையே கண்ணால் தூக்கிப் பார்த்தான்.
கிலோ சொல்லவில்லை.

இறக்கம் முட்டிக்குத்தான் தெரியும்.
எனக்கு முன்னால் போன தயாநிதியின் காதுமடலில்
ஓர் அட்டை, திராட்சை அளவுக்கு.
சொல்லாமல் கொஞ்சதூரம் நடந்தேன்.
குடிக்கட்டும்,
ரெண்டு வருச வட்டி.
இன்னொரு வளைவுவரை பொறுத்துப் பார்த்தேன்.
பிறகு உப்புப் பொட்டலத்தைப் பிரித்தேன்.
அவன் நின்றான்,
முடிவெட்ட உட்கார்ந்த பிள்ளைபோல் அசையாமல்.

ரயில் நிலையத்துக்கு எதிர்க்கடை, இரவு எட்டரை.
சேறு காய்ந்து நாற்காலியில் உதிர்ந்தது.
ஐந்து தே தாரிக்,
பதினொரு வெள்ளி ஐம்பது காசு.
தயாநிதி முந்திக்கொண்டு கொடுத்தான்,
நனைந்து ஒட்டிக்கொண்ட நோட்டுகளை
ஒவ்வொன்றாய் உரித்து.

என் பங்கு ரெண்டு வெள்ளி முப்பது.
"எழுநூத்தித் தொண்ணூத்தேழு வெள்ளி
எழுபது காசு" என்றேன்.
ரெண்டு வருசத்தில் அவனிடம்
நான் சொன்ன முதல் வார்த்தை.

மேசை அமைதியானது.
ஆ லெக்கூட கிளாசைக் கீழே வைத்தான்.

தயாநிதி வாயில் இருந்ததை மென்று விழுங்கினான்.
"ரொட்டி நீ ரெண்டு தின்ன.
அதையும் கழி."